காஜா மொய்தீனின் இடுப்பு

காஜா மொய்தீன் அண்ணன் துறைமுகத்தில் தொங்கான் படகிலிருந்து மூட்டை இறக்குபவர். சாயங்காலம் ஆனால் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் நாங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடும் பேட்மிண்டன் திடலுக்கு வந்துவிடுவார். ஆள் குள்ளம். ஆனால் அவருடைய சர்வீஸ் வலையை உரசிக்கொண்டு பாயும். அவரும் நானும் ஜோடி.

சர்வீஸ் போடும்போது இறகுப்பந்து இடுப்புக்குக் கீழே அடிபட வேண்டும் என்பது விதி. அண்ணனோ கைலியை விலாவுக்கு ஏற்றிக் கட்டுவார். கைலி முடிச்சு இருக்கும் இடம்தான் இடுப்பு என்பது அவர் கட்சி. எங்கள் திடலில் யாரும் அதை மறுத்ததில்லை.

தண்ணீர்மலை அணியோடு கோப்பைக்கு ஆடிய அன்று மறுத்தார்கள். எங்களுக்கு இன்னும் ஒரே புள்ளிதான் தேவை. அண்ணன் சர்வீஸ் போட்டார்.

"என்னா பாய், இடுப்பு கழுத்துக்கு ஏறிடுச்சா?" என்று எதிரணி முனுசாமி கத்தினான். "கள்ள சர்வீஸ்லா இது!"

நடுவர் சந்திரசேகரன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "ஃபால்ட்" என்றார்.

கூட்டம் சிரித்தது. எங்கள் ஆட்டம் பழைய விதிப்படி: சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி, ஜோடியில் ஒருவர் தவறினால் அடுத்தவர் போடலாம். அடுத்து நான் போட்ட சர்வீஸும் வலையில் விழுந்தது. சர்வீஸ் எதிரணிக்குப் போனது; அவர்கள் ஒரு புள்ளி எடுத்தார்கள். கடும்பாடு பட்டு சர்வீஸைத் திரும்பப் பிடித்தோம்; மறுபடி அண்ணன் முறை. கோப்பை போனால் போகட்டும். 'கள்ள சர்வீஸ் காஜா' என்ற பெயர் ஒட்டிவிடுமே என்றுதான் எனக்குப் பயம்.

அண்ணன் ஓரமாகக் கழற்றி வைத்திருந்த பச்சை பெல்ட்டை எடுத்தார். தொப்புளுக்கு நேராக இறுக்கிக் கட்டினார்.

"நடுவரே, இனி இதுதான் என் இடுப்பு. மேல போனா தயங்காம ஃபால்ட் சொல்லுங்க."

"அண்ணே, தாழ அடிச்சுப் பழக்கமே இல்லையே" என்றேன்.

"மூட்டையெல்லாம் எங்கேருந்துடா தூக்குறேன்? பேசாம நில்லு, தம்பி."

தாழ்விலிருந்து அடிக்கும் பந்து வலைக்கு மேலே எழும்பித்தான் ஆக வேண்டும். அதை ஓங்கி அறைய முனுசாமி முன்கோட்டை ஒட்டி வந்து நின்றான். அண்ணன் முழங்கால் உயரத்திலிருந்து வீசி அடித்தார். பந்து அவன் தலைக்கு மேலே பறந்தது.

"வெளியே!" என்று விட்டுவிட்டான் முனுசாமி.

சந்திரசேகரன் நடந்து போய்ப் பந்தை எடுத்துத் திருப்பினார். தக்கையில் பின்கோட்டுச் சுண்ணாம்பு ஈரமாக ஒட்டியிருந்தது. கோட்டில் விழுந்தால் உள்ளே.

"பாயிண்ட்! ஆட்டம் முடிஞ்சது!"

அன்று முதல் அண்ணன் பெல்ட் இல்லாமல் ஆட இறங்குவதில்லை. சர்வீஸ் போடுமுன் அதை ஒரு தட்டுத் தட்டி, எதிரே யார் நின்றாலும் "பார்த்துக்க, முனுசாமி" என்கிறார்.