கட்டுகஸ்தோட்டையிலிருந்து பிடித்த நட்சத்திரம்

போர் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள். மலைநாட்டில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில், இரண்டே பேர் கொண்ட சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தேன். நான் பக்கத்து ஊரான மஹய்யாவக்காரி. மற்றவர் யாழ்ப்பாணத்து அண்ணன். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். கீழே பணிஸ் வேகிற வாசம் வரும், மேலே நாங்கள் நட்சத்திரத்தைத் திருத்திக்கொண்டிருப்போம். சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில்கூட இதை விளக்கியதில்லை.

இங்கே விளக்குகிறேன். நட்சத்திரம் மினுங்குவது பாட்டுக்கு அழகு. தொலைநோக்கிக்கு அது தலைவலி. காற்று அலைவதால் படம் கலங்கிவிடும். அதற்காக லேசர் ஒளியை மேலே செலுத்தி, வானத்தில் ஒரு பொய் நட்சத்திரத்தை உண்டாக்குவார்கள். அது எப்படி ஆடுகிறது என்று பார்த்து, ஒரு மெல்லிய கண்ணாடியை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை எதிர்ப்பக்கமாக வளைத்தால் படம் தெளியும். வளைக்கச் சொல்கிற மென்பொருள் எங்களுடையது. விமானம் குறுக்கே வந்தால் விமானியின் கண்ணில் படாமல் லேசரை மூடுவதும் அதன் வேலை. மூடுவது சுலபம். திறந்த பிறகு பொய் நட்சத்திரத்தைத் தானாகவே திரும்பப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு ஒத்திகையிலும் மண்ணைக் கவ்வினோம்.

தொலைநோக்கியை நடத்துகிறவர்கள் கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்தார்கள். கடல் கடந்து ஒரு மலையுச்சியில் தொலைநோக்கி. அங்கே இரவு, எங்களுக்குப் பிற்பகல். தொலைபேசி இணைப்பு வழியாக எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றும் கோட்டை விட்டால் ஒப்பந்தம் போய்விடும், மாடிக்கும் பூட்டுத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. படியில் சப்பாத்துச் சத்தம். இரண்டு தமிழர், திரையில் லேசர், வானம், விமானம் போகும் பாதை! வாயைத் திறக்குமுன்பே எங்களை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். என் கை சுவிட்சுக்குப் போனது.

"அண்ணா, ஓஃப் பண்ணிடவா?"

"தொடாதையும் பிள்ளை. இணைப்பு அறுந்தால் எல்லாம் போச்சு. ஓடட்டும்."

துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் உள்ளே வந்து எங்கள் அடையாள அட்டைகளை வாங்கினார். சரியாக அப்போது கணினி ஊளையிட்டது. விமானம் வருகிறது என்ற எச்சரிக்கை ஒலி.

அண்ணன் மேசைக்கு அடியில் போய்விட்டார். சிப்பாயும் சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டார். நின்றது நான் மட்டும்தான். வடக்கில் வளர்ந்த அண்ணனுக்கும், வடக்குப் போர்முனையில் இருந்துவந்த சிப்பாய்க்கும் ஒரே பழக்கம்! அந்தக் கோலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் சிப்பாய்தான் முதலில் சிரித்தார்.

"ப்ளேன் எங்க?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, சிங்களத்தில் கடகடவென்று கொட்டினேன். விமானம் இங்கே இல்லை, உலகத்தின் மறுபக்கத்தில். அதை ஓட்டுகிறவருடைய கண்ணுக்கு ஆபத்து வராமல் எங்கள் மென்பொருள் ஒளியை மூடிவிட்டது. விமானம் போனதும் தானாகத் திறந்து நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நாளைக்கு எங்களுக்கு வேலை இல்லை.

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கீழேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கத்திவிட்டு, மனிதர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்!

விமானப் புள்ளி திரையை விட்டு நகர்ந்தது. லேசர் திறந்தது. நாங்கள் குறிவைத்திருந்த நட்சத்திரம், சரியாகக் கரையாத பால்மா மாதிரிக் கலங்கிக் கிடந்தது. வழக்கமாக இதற்குப் பிறகு படம் சிதறிப்போகும். கலங்கல் ஒருமுறை நடுங்கியது. பிறகு சுருங்கிச் சுருங்கி ஊசிமுனைப் புள்ளியாக நின்றது. பக்கத்திலே இன்னொரு புள்ளி! ஒன்று என்று நாங்கள் நினைத்திருந்தது இரட்டை நட்சத்திரம்.

"பிடிச்சிட்டுது பிள்ளை!" என்று அண்ணன் கூவினார். நான் போட்ட கூச்சலில் பேக்கரிக்காரர் மேலே ஓடிவந்தார். சிப்பாய் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, "ஷோக் நே!" என்று சிங்களத்தில் பாராட்டிக் கைதட்டினார். பிறகு அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒப்பந்தம் எங்களுக்கே கிடைத்தது. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. அந்த நாட்களில் நம் நாட்டில் விமானத்தை நோக்கி மேலே போனதெல்லாம் அதை விழுத்தத்தான். அப்படிப்பட்ட காலத்தில், முகம் தெரியாத ஒரு விமானியின் கண்ணுக்காக ஒளியை மூடிவிட்டு, நட்சத்திரத்தையும் நழுவவிடாமல் பிடித்துக் காட்டினோம் என்ற கர்வம் எனக்கு இன்றுவரை ஒரு துளியும் குறையவில்லை.