ஆற்றில் மிதந்து வந்த வெளிறிய கல்

எங்கள் பள்ளத்தாக்கில் சோல்ரூனுக்குக் கல் பைத்தியம் என்று பெயர். ஆடு வளர்க்கிறவளுக்குக் கல் எதற்கு என்று நானே கேலி செய்திருக்கிறேன். தலைநகரம் ரெய்க்யவிக்கில் கல்லைப் பற்றிக் கொஞ்ச காலம் படித்துவிட்டு, என் பக்கத்துப் பண்ணை ஹால்பியோர்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். காபி குடிக்கப் போனால் முதலில் கல்லைத்தான் கையில் கொடுப்பாள்.

அவளுக்கு உலகத்தில் இரண்டே கல். கறுப்பான பசால்ட், வெளிறிய ரயோலைட். இரண்டும் நெருப்பில் பிறந்தவைதான். ஆனால் வகை பிரிப்பது நிறத்தை வைத்து இல்லை, உள்ளே சிலிக்கா எவ்வளவு என்பதை வைத்து என்பாள். பசால்ட்டில் அது குறைவு. ஆழத்திலிருந்து நேரே ஏறி வந்து கஞ்சி மாதிரி ஓடிவிடும். மற்றது மலைக்குள்ளேயே கிடந்து, பழைய பாறையையும் உருக்கித் தின்று, சிலிக்கா ஏறிக் களி மாதிரி இறுகும். உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லாமல் ஒருநாள் வெடிக்கும்.

நாங்கள் பார்த்ததெல்லாம் கறுப்புதான். மலை கக்கினால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். நெருப்புக் குழம்பின் ஓரத்தில் சாசேஜ் சுட்டுத் தின்றவர்கள் நாங்கள். அந்தத் திமிர்தான் எங்களைக் கெடுத்தது.

அந்தச் செப்டம்பரில் மலைமேல் புகை கிளம்பியபோது, மேய்ச்சலுக்குப் போன ஆடுகளை இறக்கும் வாரம். ஹால்பியோர்ன்தான் மலையரசன், ஆடு இறக்கப் போகிறவர்களுக்குத் தலைவன். மேலே அவன் சொல்தான் சட்டம். கடைசி ஆட்டுக்கும் பின்னால்தான் அவன் இறங்குவான். புகையைப் பார்த்தும், மேலே போயிருந்தவர்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

காலையில் சோல்ரூன் ஆற்றங்கரையிலிருந்து ஓடி வந்தாள். கையில் வெளிறிய கல், ஆவி துளைத்த ஓட்டை ஓட்டையாக. தண்ணீரில் மிதந்து வந்ததாம். என் வயர்லெஸ்ஸைப் பிடுங்கிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"வெளிறின கல்லு வருது. எல்லாத்தையும் விட்டுட்டு இறங்கு."

"கூழாங்கல்லுக்குப் பயப்படுற பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிருக்கா."

"நான் விளையாடல, ஹால்பியோர்ன். இது ஓடாது. வெடிக்கும்."

அவன் கேலியை விட்டான். மற்றவர்களை மந்தையோடு உடனே அனுப்புவதாகச் சொன்னான். மேல் ஓடையில் இன்னும் சில ஆடுகள், அவற்றை ஓட்டிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றான். யாருடையவை என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னான். விட்டுட்டு வாடா என்று கத்தினேன்.

"மலையரசன் நீயா, நானா?" என்று வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டான்.

மதியத்துக்குள் மலை வெடித்தது. வெயில் போய்ச் சாம்பல் இருட்டு வந்தது. கூரைகளில் வெளிறிய கற்கள் படபடவென்று விழுந்தன. மற்றவர்கள் மந்தையோடு வந்து சேர்ந்தார்கள். ஆடுகளை அடைக்கும் கல்பட்டி நிறைந்தது. கடலோரத்துக்குப் போக லாரிகள் தயாராக நின்றன. ஆனால் யார் ஆடு எது என்று பிரிக்கச் சொல்ல வேண்டியவன் மலையரசன். அவன் வராமல் கதவை யார் தொடுவது? சோல்ரூன் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

அப்போது பாதையில் என் ஆடுகள் வந்தன, மேலெல்லாம் சாம்பலோடு, ஒன்றன்பின் ஒன்றாக. கடைசி ஆட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை.

சோல்ரூன் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பட்டிக் கதவில் கை வைத்தாள்.

"பிரிங்க," என்றாள். "லாரியில ஏத்துங்க."