ஜடை நுனியில் ஆற்று மணல்

விரித்த செய்தித்தாளின்மேல் மணல் உதிரும் சத்தம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். முதலில் நாலைந்து மணிகள் தனித்தனியாக விழும், சீப்பு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியதும் 'பொலபொல'வென்று ஒரு கொத்தாகக் கொட்டும், அது கொட்டி முடிவதற்குள் அம்மாவின் வாய் திறந்துவிடும். "இன்னாடி இது, ஆத்தையே தலையில வாரிகினு வந்துகிற?" எழுபதுகளின் பின்பாதியில், ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில், தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் கேட்டு வளர்ந்த வசனம் இது.

நான் பள்ளிக்கூடத்தில் 'லாங் ஜம்ப்' தாண்டிக்கொண்டிருந்தேன். ஓடி வந்து, சுண்ணாம்பு அடித்த பலகையில் ஒரு காலை ஓங்கி மிதித்து, காற்றில் எழும்பி, மணல் குழியில் விழுவது. இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஒரே ஒரு தடவை பலகையில் கால் சரியாகப் பட்டுவிட வேண்டும், தரை நம்மை விட்டுவிட்டது என்று வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி பரவுமே, அது தெரிந்தவள் பிறகு சும்மா உட்கார மாட்டாள். எனக்கு அந்தப் பைத்தியம் ஏழாம் வகுப்பில் பிடித்தது. பள்ளிக்கூட மணி அடித்ததும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள், நானும் பக்கத்துத் தெருக் கோதையும் மைதானத்துக்கு ஓடுவோம்.

அம்மாவுக்கு நான் தாண்டுவதில் கோபம் இல்லை, மணல்மேல்தான் கோபம். அப்பா பட்டு நெய்வார். அம்மா ராட்டை சுற்றி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் வைக்கிற பட்டு நூலைக் குச்சிகளில் ஏற்றித் தருவாள். அந்த நூலில் ஒரு மணல் மணி ஒட்டினால் போதும், ஓட்டத்தில் இழை அறுந்துவிடும், அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், முடிச்சு விழுந்தால் புடவையில் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் மண் என்பது பாம்பு மாதிரி, உள்ளே வரவே கூடாத ஒன்று. கால் கழுவாமல் யாரும் நிலைப்படி தாண்ட மாட்டோம். காலைக் கழுவலாம், தினமும் தலையைக் கழுவ முடியுமா?

ஏனென்றால் என் தலைமுடி அப்படி. பெருமைக்குச் சொல்லவில்லை, இப்போது பெருமைப்பட அங்கே ஒன்றும் இல்லை. ஒற்றை ஜடை, இடுப்பைத் தாண்டித் தொங்கும். கல்யாண வீடுகளில் அத்தைமார்கள் 'சவுரியா?' என்று இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் சொத்து அது. மடித்துக் கட்டினால் முடி உடையும் என்று ரிப்பன் வைத்து மடிக்கவே விடமாட்டாள். நான் தாண்டி விழும்போது குதிகால் மணலில் ஊன்றும், உடம்பு அந்த இடத்திலேயே பின்னால் சாயும், பின்பக்கம் மணலில் உட்காரும், ஜடை எனக்கும் பின்னால் போய்ச் சாட்டை மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டு, நுனியில் கைப்பிடி மணலை அள்ளிக்கொண்டு எழுந்திருக்கும்.

அந்தக் கோடு என்ன செய்யும் என்பது வந்தவாசிக்குப் போட்டிக்குப் போன அன்றுதான் தெரிந்தது. அங்கே எனக்கு நல்ல தாண்டல் ஒன்று அமைந்தது. கோதை குழியோரம் நின்று குதித்துக் கொண்டாடினாள். அளக்க வந்தவர் என் குதிகால் தடத்தைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்த தடத்தைப் பார்த்தார், அதற்கும் பின்னால் கிடந்த ஜடைக் கோட்டைப் பார்த்தார், நிதானமாகக் குனிந்து டேப்பை அங்கே வைத்தார். எங்கள் டிரில் டீச்சர் ஓடிப்போய் ஏதோ பேசிப் பார்த்தார். பலகைக்குக் கிட்டத்தில் உடம்பில் எது பட்டிருக்கிறதோ அதுவரைக்கும்தான் அளவு, முடியும் உடம்பில் சேர்த்திதான் என்று சொல்லிவிட்டார்கள். முதலாவதாக வருகிறவள் வேலூருக்குப் போகலாம், மாவட்டப் போட்டிக்கு; அப்போது எங்கள் மாவட்டத் தலைநகர் அதுதான். நான் போகவில்லை, வேறு பள்ளிக்கூடத்துப் பெண், கிராப்பு வெட்டியவள், அவள் போனாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா சிரித்துவிட்டார். அம்மாதான் ராட்டையை நிறுத்தினாள். "முடிய அளந்தானா? இன்னாடி அநியாயமா இருக்குது! குதிச்சது காலா, முடியா? அந்த ஆளு வூட்ல பொம்பளப் புள்ளைங்களே இல்லியா?" என்று அந்த முகம் தெரியாத மனிதரை அன்று முழுக்கத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடு என்றேன். கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், மணல் கொட்டக் கொட்ட, திட்டாமல் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஒரு வருஷமும் எனக்கு வேலை அதுதான்: பின்னால் விழாமல் இருப்பது. பள்ளிக்கூடக் குழியில் மணல் இறுகிப்போகும் நாட்களில் கோதையும் நானும் கமண்டல நாக நதிக்கே போய்விடுவோம். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'ஆறு'. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது, கரையிலிருந்து கரைவரைக்கும் மணல், கோதுமை நிறத்தில், மேலே சூடாகவும் கையை விட்டால் உள்ளே ஈரமாகவும். கரைமேட்டிலிருந்து ஓடி வந்து தாண்டுவேன். குதிகால் படுகிற அந்த நொடியில் முழங்காலை விறைப்பாக வைத்தால் பின்னால் தள்ளும், மடக்கிக் கொடுத்தால் இடுப்பு தானாகக் குதிகாலைத் தாண்டி முன்னால் வரும் என்பதை நாங்கள் விழுந்து விழுந்துதான் கண்டுபிடித்தோம். மேலே தூக்கிய இரண்டு கைகளையும் அதே நொடியில் முன்னால் வீச வேண்டும். எனக்கு அது மறந்துபோகும். அதற்காகவே கோதை பக்கத்தில் நின்றுகொண்டு, நான் இறங்கும்போது "கை! கைடி, கழுத!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். கை வீசினால் ஜடையும் கூடவே தோளைத் தாண்டி முன்னால் வந்து மூக்கில் அடிக்கும். மூக்கில் அடித்த நாளெல்லாம் எங்களுக்குத் திருநாள்.

எந்த நாள் நன்றாக விழுந்தேன், எந்த நாள் சொதப்பினேன் என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, சீப்பு சொல்லிவிடும். "இன்னிக்கி கம்மி" என்பாள் சில நாள். வேறொரு நாள், "இன்னா, நேத்து மாதிரி இல்லியே, தூக்கமா?" என்பாள். பட்டு நூலுக்காகத்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் வந்தவாசியில் நான் முதலாவதாக வந்தேன். ஜடைக் கோடு இருந்தது, இருந்தும் ஜெயித்தேன். வேலூருக்குப் போக இரண்டே நாள் இருந்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் கொல்லைப்புறத்தில் பாவாடையில் கறையைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரோடு ஒட்டி நின்றேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா, புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை, இருந்தாள். என்மேல் உயிராக இருப்பாள், ஆனால் முறையென்றால் முறை. நான் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் எத்தினி நாளைக்கு, குந்த வெச்சா எல்லாம் அதோட சரி" என்பாள். பெரியவளானால் மூலையில் உட்கார வேண்டும், தறியைத் தொடக் கூடாது, தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், மஞ்சள் நீர் ஊற்றும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு தாவணி. தாவணி போட்டவள் லாங் ஜம்ப் தாண்டி எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள், பார்த்தாள். முதலில் கேட்டது, "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா."

"வேலூருக்கு என்னிக்கு?"

"நாளன்னிக்கி."

கிணற்றடியில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தணித்து, "கோதைகிட்ட கூட சொல்லாத. வாயைத் திறந்த, கொன்னுடுவேன்" என்றாள். பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து எப்படி மடிப்பது என்று ஜல்தியாகக் காட்டிக்கொடுத்தாள். அம்மா முறைகளை மீறுகிற ஆள் அல்ல. அமாவாசைக்கு அமாவாசை தறிக்குச் சூடம் காட்டாமல் அப்பாவை உட்காரவிட மாட்டாள்.

அந்த இரண்டு நாளும் என்னைத் தறிப் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. "தறிகிட்ட வராத! தலை பூரா மண்ணு! அங்கயே நில்லு!" என்று வீடு அதிரக் கத்தினாள். பூஜை மாடத்துப் பக்கம் போனாலும் மண், சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாலும் மண். அத்தைக்கு ஒரே திருப்தி. "நல்லா சொல்லு, இப்பவாவது உறைக்கட்டும்" என்றாள். நான் தலைகுனிந்து நின்றேன். தலையில் ஒரு மணி மணல்கூட இல்லை, ஆற்றுக்கே போகவில்லை.

வேலூருக்குப் புறப்படும் காலையில் தலை பின்னிவிட்டாள். இன்றைக்காவது மடித்துக் கட்டம்மா என்று கெஞ்சினேன். "எதுக்கு? ஒழுங்கா வுழுந்தா அது ஏன் மண்ணுல படுது?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குதிகால், முழங்கால் என்று ஒரு நாளும் அவளிடம் பேசியதில்லை. ஜடையை முடித்து, நுனியை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, முதுகில் தட்டி, "போ" என்றாள்.

வேலூர் மைதானம் பெரிது, பயமாக இருந்தது, வயிறும் வலித்தது. முதல் தாண்டலில் கால் பலகைக்கு அப்பால் பட்டுவிட்டது, செல்லாது என்று சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார்கள். அடுத்ததில் பழையபடி உட்கார்ந்தேன். கடைசித் தாண்டலுக்கு ஓடும்போது கூட்டத்தில் எங்கிருந்தோ, கூட வந்திருந்த கோதையின் குரல் கேட்டது, பலகை காலில் சரியாக வந்தது, தரை என்னை விட்டது. கையை வீசினேன். முழங்கால் மடிந்தது, ஜடை வந்து மூக்கில் பளீரென்று அடித்தது, நான் முன்னால் கவிழ்ந்து உள்ளங்கைகளை ஊன்றினேன். எழுந்து திரும்பிப் பார்த்தேன். இரண்டு குதிகால் தடம். அவற்றுக்குப் பின்னால் பலகைவரைக்கும், வாரிவிட்ட மணல் அப்படியே இருந்தது. ஐயோ, அந்த மணலை இன்னொரு தடவை பார்க்க என்ன வேண்டுமானாலும் தருவேன். எனக்கு மூன்றாவது இடம் கிடைத்தது, ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா டம்ளரைக் கேட்கவில்லை, எந்த இடம் என்றும் கேட்கவில்லை. செய்தித்தாளை விரித்தாள், என்னை முன்னால் உட்கார வைத்தாள், ஜடையை அவிழ்த்து நுனியிலிருந்து வாரினாள். ஒன்றும் விழவில்லை. மேலிருந்து கீழே, மறுபடியும் ஒரு தடவை வாரினாள். தாளைத் தூக்கி விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள்.

"மண்ணே இல்லியேடி," என்றாள். அப்படி ஒரு குரல் அம்மாவிடம் அதற்கு முன்பு நான் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை. என் உச்சந்தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தாள்.

பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். "போய் அந்த மூலையில குந்து, எதையும் தொடாத" என்று மெதுவாகச் சொன்னாள். கூடத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அண்ணீ, இங்க வாங்களேன். நம்ம சரசு பெரிய மனுசியாயிட்டா."

"எப்போடி?" என்று ஓடி வந்தாள் அத்தை.

"இப்பத்தான்," என்றாள் அம்மா.

அதோடு சரி. குடிசை கட்டினார்கள், மஞ்சள் நீர் ஊற்றினார்கள், பச்சைத் தாவணி வந்தது. மறு வருஷம் டிரில் டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார், அப்பா முடியாது என்றார், அம்மா ராட்டையிலிருந்து தலை நிமிரவில்லை. அந்த நிமிராத தலைக்காக நான் அவளிடம் பல வருஷம் சரியாகப் பேசவில்லை. அவளால் முடிந்தது அந்த இரண்டு நாள்தான் என்பது எனக்குப் பெண் பிறந்து, அவளுக்கு நான் தலை பின்ன ஆரம்பித்த பிறகே உறைத்தது.

போன மாதம் தம்பி பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறான் என்று ஆரணிக்குப் போயிருந்தேன். தேவிகாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட கோதையும் வந்திருந்தாள், இரண்டு பேருமாக ஆற்றைப் பார்க்கப் போனோம். மணல் இல்லை. சுரண்டி எடுத்தது போக மிச்சம் களியும் கல்லும் சீமைக்கருவேலமும்தான். நாங்கள் ஓடி வந்த கரைமேடு எது என்பதில் எங்களுக்குள் சண்டை வந்ததே தவிர இடம் தெரியவில்லை. வீட்டு வாசலில் எம்-சாண்ட் குவித்திருந்தார்கள், சாம்பல் நிறத்தில், கல்லை அரைத்த பொடி. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன், உள்ளங்கையில் குத்தியது.

அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. என் முடி இப்போது எலிவால், ஒரு கையால் முடிந்துவிடலாம். ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தலை வாரும்போது, சீப்பு நுனிக்கு வந்ததும் ஒரு நொடி நிறுத்திக் காது கொடுக்கிறேன். ஒன்றும் உதிர்வதில்லை. நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன் போலிருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.