மம்மிக்கு என்ன வயது?

வின்சன்ற் என்ற மனிதரை எந்தக் கல்யாண வீட்டில் கண்டாலும் நான் பந்தியை விட்டு எழும்பிவிடுவேன். "உங்கட கூட்டாளி மம்மியைப் பிறீசருக்குள்ள வைச்சிருந்த கதையைச் சொல்லட்டே?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வருவார். அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் எங்கள் சனத்தில் ஆள் இருக்கிறது. அந்தக் கதையை அவர் சொல்லும் விதமாக இல்லாமல், நடந்த விதமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

என் கூட்டாளியின் பெயர் மாமாங்கம். மட்டக்களப்புப் பக்கத்தவன். கடற்கரை மீன் வாடிகளுக்கு ஐஸ் கட்டி போடும் கொம்பனியில் பதினொரு வருசம் வேலை செய்தவன். எண்பத்தைந்தில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தபோது அவனுடைய தாயை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். பொழுது படுவதற்குள் ஊரே காலி. பிரேதத்தை யார் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. மரணச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க கிராம அதிகாரியான விதானையும் ஊரில் இல்லை. அடுத்த வருசம் ரொறன்ரோ வந்து, ஸ்காபரோவில் என் அறையில் பாதியை எடுத்துக்கொண்டு, அகதிக் கோரிக்கை போட்டான். அது சரிவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஐஸ் தெரிந்தவன் என்பதால் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்தக் கோடையில் மேற்கே ஏதோ ஒரு மலையில், எந்தக் காலத்திலும் கரையாத பனி கரைந்திருந்தது. உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. முறிந்த அம்பு, தோல் பை, வேரால் பின்னிய தொப்பி, கூடவே ஒரு கிழவியின் பிரேதம். தோலும் நகமும் அப்படியே இருந்ததாம். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அதை மம்மி என்றார்கள். மாமாங்கமும் அப்படியே சொல்லப் பழகினான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, கிழவியைக் கொண்டுவந்து வைத்திருந்த பிறீசரின் குளிரைப் பார்த்து எழுதிவைப்பது அவன் வேலை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த மலை ஐஸுக்குள் நூற்றுக்கணக்கான வருசத்து மான் புழுக்கை அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தது. அதை உருக வைத்து, அரித்து, அதற்குள் இருக்கும் விதைகளைப் படித்தவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். அரிதட்டைக் கழுவியது மாமாங்கம். அந்த நாற்றம் அவனோடு பஸ்ஸில் ஏறி எங்கள் அறைக்கும் வந்தது. உடுப்பைப் பல்கனியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று மார்கழிக் குளிரில் அவனைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அதைவிட அருவருப்பு, பார்க்க வந்த சனம். நன்கொடை கொடுக்கிற பெரிய மனிதர்கள் கோப்பியும் கையுமாக நின்று கண்ணாடிக்குள்ளால் கிழவியின் காலை எட்டிப் பார்ப்பார்களாம். அந்த மலையின் பூர்வகுடிச் சனம் ‘எங்கள் கிழவியைத் தாருங்கள்’ என்று கடிதம் எழுதினார்கள். ஆராய்ச்சிக்கூடத்தார் கிழவியைக் கொடுக்காமல் பதிலுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தேழு தையில் மாமாங்கத்துக்கு அகதி விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க வந்தவர் வின்சன்ற். முடிந்து வந்தவனிடம் எப்படி என்று கேட்டேன்.

"பிரச்சினை ஒண்டுமில்லயாம். வின்சன்ற் அண்ணை சொன்னவர்" என்றான்.

ஒரு மாதத்தில் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். தாய் எண்பத்தைந்தில் கொல்லப்பட்டதாகச் சொல்கிறீர். அதே விசாரணையில், எழுபது வயதான தாயை இந்த நகரத்தில் ஒரு குளிர்ந்த நிலக்கீழ் அறையில் வைத்துப் பராமரிப்பதாகவும் சொல்கிறீர். மூன்று கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும்.

மாமாங்கம் கட்டிலில் இருந்துவிட்டான். "நான் எங்க மச்சான் அம்மாவ வெச்சிருக்கன்?"

அவனை இழுத்துக்கொண்டு வின்சன்ற் வீட்டுக்குப் போனேன். கொழும்பில் படித்த மனிதர். தன் தலை நரைத்த பிறகும் சொந்தத் தாயை மம்மி என்று கூப்பிடுகிறவர். கடிதத்தைப் பார்த்தும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்ன வேலை எண்டு கேட்டவங்கள். மம்மியைப் பாக்கிறன் எண்டு இவர்தானே சொன்னவர்? என்ர வீட்டில மம்மி எண்டா தாய்தான்."

"வயது கேக்கேக்க முன்னூறு எண்டுதானே சொன்னன்?" என்றான் மாமாங்கம்.

"அதைத்தான் சொல்லுறன். முன்னூறு எண்டு சொன்னா விசரன் எண்டெல்லே நினைப்பாங்கள்? பயத்தில உளறுறீர் எண்டு நான்தான் எழுபது எண்டு திருத்திவிட்டனான். உமக்கு உதவிதான் செய்தனான்."

"தாய் செத்ததெண்டு அதுக்கு முதல்தானே அவன் சொன்னவன்? அதையும் நீங்கள்தானே மொழிபெயர்த்தீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் சொல்லுக்குச் சொல்தான் பாக்கிறது. ஆரின்ர தாய் செத்தது, ஆரின்ர தாய் இருக்கு எண்டு எல்லாத்தையும் மனசில வைச்சிருக்கேலுமே? ஒரு நாளைக்கு ஆறு கேஸ்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த வீட்டுத் தண்ணியே எனக்கு வேண்டாம் என்று இறங்கி வந்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்து டொக்டர் அம்மா நல்லவர். உடனே கடிதம் எழுதித் தந்தார். தங்கள் பொறுப்பில் உள்ள பிரேதம் ஏறத்தாழ முன்னூறு வருசம் பழையது, அதற்கும் மாமாங்கத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆதாரத்துக்குக் கோப்பின் பிரதியையும் இணைத்தார். கிழவி சாகும்போது என்ன வயது, எதனால் செத்தாள், கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்றுகூட அதில் எழுதியிருந்தது. மாமாங்கம் அந்தத் தாள்களை நெடுநேரம் வைத்துப் பார்த்தான். அவனுடைய தாய்க்கு ஒரு மரணச் சான்றிதழ்கூட இல்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது விசாரணைக்கு நான் காரில் கூட்டிக்கொண்டு போய் வெளியே இருந்தேன். அன்றைக்கும் மொழிபெயர்க்க வின்சன்றையே போட்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். அவர்களும் சிரித்தார்கள். வின்சன்றின் சிரிப்பும் கேட்டது. அரை மணித்தியாலத்தில் மாமாங்கம் வெளியே வந்தான். கோரிக்கையை ஏற்கச் சொல்லி எழுதி, அதிகாரி தன் கண் முன்னாலேயே கையெழுத்து வைத்தார் என்றான். எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் மரக்கட்டை மாதிரி நின்றான்.

காரில் ஏறினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னான்.

"கையெழுத்து வெக்க முதல் ஒண்டு கேட்டான் மச்சான். அப்ப உம்மட அம்மா செத்தது உண்மைதானே எண்டு. ஓம் எண்டன். குட் எண்டான்."

விளக்கு பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"நான் தாங்க்யூ எண்டுட்டன்" என்றான்.