இரண்டாம் சுற்று

அம்மாவின் பெயர் ஆராயி. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாள். போன ஆவணியில் இறந்தாள். அறுபத்தொரு வயது. சினைப்பையில் புற்றுநோய்.

பண்ணையை நினைத்தால் எனக்கு வெள்ளைதான் தெரிகிறது. காலை வெயில் கம்பி வலை வழியாக நுழைந்து, மிதக்கும் இறகுத் தூசியில் நின்றுவிடும். ஐயாயிரம் கோழிகள் ஒரே குரலில் முனகும். அந்த வெள்ளைக்குள் அம்மா கூடையோடு நடந்து போவாள். முதலில் கால் மறையும். பிறகு கூடை. பிறகு தலை.

எண்பது வாரத்தில் கோழி முட்டை குறைக்கும். கறிக்கு ஏற்றிவிடுவார்கள். சில வருடம் மட்டும், கறிக்கு ஏற்றாமல், முதலாளி அப்புசாமி பத்து நாள் தீவனத்தை நிறுத்துவார். இறகெல்லாம் உதிர்ந்து கொட்டும். மறுபடி தீவனம் வைத்தால் புது இறகு முளைக்கும், முட்டையும் வரும். அதற்கு இரண்டாம் சுற்று என்று பெயர்.

சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டாவது கீமோவுக்குப் படுத்திருந்தபோது தலையணை முழுக்க முடி. அம்மா ஒரு கொத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னையும் உதுக்க வெச்சுட்டாங்களா சாமி? அப்ப மறுபடியும் முட்டை போடச் சொல்லுவாங்க."

பக்கத்துக் கட்டில் மஞ்சுளா சிரித்தாள். "போடுங்கக்கா. எனக்கொரு ஆம்லெட்டு."

"உனக்கெதுக்கு? தின்னதும் வாந்தி எடுப்ப."

அன்றிலிருந்து, முடி முளைத்தால் உடம்பும் புதுசாகிவிடும் என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் திருத்தவில்லை.

நான் கோவையில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்பவள். தட்டில் வைத்த மனிதச் செல் ஏறக்குறைய ஐம்பது தடவை பிரியும். பிறகு நின்றுவிடும். சாகாது. பெரிதாகித் தட்டையாகிச் சும்மா கிடக்கும். பழுது சேர்ந்த செல் பெருகாமலிருக்க உடம்பு வைத்திருக்கும் பிரேக் அது. அதை மீறி ஓடுவது புற்று. கோழிக்குத் தினம் ஒரு முட்டை என்றால் சினைப்பையில் தினம் ஒரு காயம். காயம் ஆறச் செல் பிரிய வேண்டும். பிரியும்போதெல்லாம் பிழைக்கு இடமுண்டு. மூன்று நான்கு வயதுவரை விட்டால் பல கோழிகளுக்கு அம்மாவுக்கு வந்ததே வரும். பண்ணையில் அந்த வயதுவரை விடுவதில்லை. புது இறகு வயதைக் குறைப்பதும் இல்லை.

மாசியில் முடி முளைத்தது. குஞ்சின் ரோமம் போல. அம்மா வாசல் வெயிலில் உட்கார்ந்து நாளெல்லாம் தலையைத் தடவிக்கொண்டிருப்பாள். யார் போனாலும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். அந்த மூன்று மாதமும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

வைகாசியில் வயிறு மறுபடி வீங்கியது. டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: வேறு மருந்து தரலாம், சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம். தொடங்குவது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். "இன்னொரு மருந்து இருக்குதும்மா. மறுபடி முடி கொட்டும். மறுபடி மொளைக்கும்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு முட்டை லாரி எங்களைத் தாண்டிப் போனது.

"ரெண்டாம் சுத்து முட்டை எப்படி இருக்கும், தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பெருசா இருக்கும். ஓடு மெலிசு. அட்டையில வெக்கறப்பவே வெரல் உள்ள போயிரும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அப்ப ஏம்மா அத்தன சந்தோசப்பட்ட?"

"மொளைச்சுதல்ல? அதுக்குக்கூடச் சந்தோசப்படக் கூடாதா?" என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "ஒருக்கா உதுத்த கோழிய எங்க மொதலாளியே மறுக்கா உதுத்தது இல்ல சாமி. நீ படிச்ச புள்ள."

உள்ளங்கைக்குக் கீழே அந்த முடி மெத்தென்று இருந்தது. ராசிபுரம் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை. அந்த மருந்துக்குக் கையெழுத்தும் போடவில்லை.

மூன்று மாதம் இருந்தாள். குளிப்பாட்டியபோது தலையில் நாலு விரல் முடி. பெண்கள் எண்ணெய் வைத்தார்கள். நான் சீப்பை வாங்கி வாரினேன். ஒரு முடிகூடக் கையோடு வரவில்லை.