கால் ஊன்றாத சோலார்

பதினெட்டு வருடம் துபாயில் சாரம் கட்டியவன் நான். நாற்பது மாடிக் கட்டடத்தின் வெளிப்பக்கமாக இரும்புக் குழாய்களைப் பூட்டிப் பூட்டி மேலே ஏறிப் போகிற வேலை. அப்படிப்பட்டவனுக்கு, குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருக்கும் சொந்த வீட்டு வாசலில் இரண்டு சோலார் பேனலை நிறுத்த ஐந்து மாதம் ஆனது. கதையைக் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நின்றதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பேனல் வாங்கியது என் மனைவிக்காக. நாட்டுக்கோழி முட்டைகளை இன்குபேட்டரில் வைத்துக் குஞ்சு பொரித்து விற்பது அவளுடைய தொழில். நான் அங்கே கிடந்த காலத்தில் அவளே ஆரம்பித்து அவளே வளர்த்தது. முட்டைகள் இருபத்தொரு நாளும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். நான் ஊர் திரும்பிய மறுமாதம், வைகாசியில், முட்டை வைத்த பத்தொன்பதாம் நாள் காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. அத்தனை முட்டையும் வீண். அவள் அழவில்லை. ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டாள்.

"இன்னொரு வாட்டி இப்புடி ஆச்சுன்னா பொட்டிய வித்துட்டு சும்மா ஒக்காந்துருவேங்க" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்கு நெஞ்சில் தைத்தது. அடுத்த வாரமே புதுக்கோட்டைக்குப் போய் இரண்டு பேனலும் ஒரு இன்வெர்ட்டரும் வாங்கி வந்தேன். பேட்டரி மட்டும் தெரிந்தவரிடம் வாங்கிய பழையது. வெயில் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

எங்களுடையது ஓட்டு வீடு. ஓடு அந்தக் கனத்தைத் தாங்காது, தரையில்தான் நிறுத்த வேண்டும். தரை என்றால் வாசல். அங்கேதான் வந்தது வினை. அண்ணன் வீடு கிழக்கே, என் வீடு மேற்கே, இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. பாகம் பிரித்தபோது வீடுகளைப் பிரித்தோம், நடுவிலுள்ள வாசலைப் பிரிக்கவில்லை. கடலையோ நெல்லோ, இரண்டு வீட்டுக்கும் காயப்போடுகிற களம் அதுதான்.

நான் கடப்பாரையை எடுத்து முதல் குழியைத் தோண்டியதும் அண்ணன் வெளியே வந்தார்.

"நிறுத்துடா. பொது வாசல்ல கால் ஊண்டுற பழக்கம் நம்ம வீட்டுல உண்டா?"

உண்டா என்றால் இல்லைதான். எங்கள் பக்கத்தில் பொது இடத்தில் ஒருவன் கால் ஊன்றினால், அந்த இடம் தனக்கென்று சொல்ல ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டால்கூட இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து பிடித்துத்தான் நடுவோம். மூன்றாம் நாள் பிடுங்கிக் குழியை மூடிவிடுவோம். பதினெட்டு வருடத்தில் இதெல்லாம் எனக்கு மறந்து போயிருந்தது. இருந்தாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என்னண்ணே கோட்டையா கட்டப் போறேன்?"

"கோட்ட கட்டுனவனும் மொதல்ல ஒத்தக் காலத்தான் ஊண்டிருப்பான்."

குழியை மூடினேன். பேனல்கள் போர்வை சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போயின. மனைவி முட்டை வைப்பதையே நிறுத்திவிட்டாள். அண்ணனோடு நான் பேசுவதை நிறுத்தினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. நான் கட்டிய சாரம் என்றைக்காவது தரையைத் தோண்டியதுண்டா? மணலில் தகட்டை வைத்து, அதன்மேல் குழாயை நிறுத்தி ஏறியவன், சொந்த ஊரில் வந்து கடப்பாரையைத் தூக்கியிருக்கிறேன்! அன்றைக்கே பழைய இரும்புக் கடையில் குழாயும் கிளாம்பும் எடுத்தேன். பின்கால் கொஞ்சம் உயரம், முன்கால் குட்டை. தெற்கே பார்த்து லேசாகச் சாய்ந்த சட்டம். நாலு மூலையிலும் பழைய மொபெட் சக்கரம். வாசல் முழுக்க இழுபடும் அளவுக்கு நீளமான ஒயர். தள்ளினால் தேர் மாதிரி போனது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. காற்று ஒரு மத்தியானம் பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கியது. யாரும் தொடாமலே என் சட்டம் கடகடவென்று வாசலைக் கடந்து, அண்ணன் வீட்டுப் படியில் போய் முட்டி நின்றது.

"கால் ஊண்டாதன்னா வண்டி கட்டிக்கிட்டு வாரியாடா?" என்றார் அண்ணன். தெருவே சிரித்தது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். இந்த முறை நாலு காலும் தகட்டில் நின்றன. சக்கரம் இரண்டே இரண்டு, அதுவும் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில். எதிர்ப்பக்கக் கைப்பிடிகளைத் தூக்கினால்தான் சக்கரம் தரையைத் தொடும். அடிக்குழாயின்மேல் செம்புறாங்கல் அடுக்கினேன். கல்லை இறக்கினால் வண்டி, ஏற்றினால் அசையாது. அண்ணன் வந்து குனிந்து, தோள்துண்டைச் சக்கரத்துக்கு அடியில் விட்டு இழுத்துப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். நடு வாசலத் தாண்டி இங்கிட்டு வரக் கூடாது."

மனைவி மறுபடி முட்டை வைத்தாள். அந்த ஆவணியில் அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

புரட்டாசியில், முட்டை வைத்த இருபதாம் நாள், காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பராமரிப்பாம், ஐந்து மணிக்கு மேல்தான் வருமாம். ஒரு மணி வரை பேனல் சிங்கமாக வேலை செய்தது. அதன்பிறகு என் வீட்டு வேப்பமரத்து நிழல் மெல்ல அதன்மேல் ஏறியது. உள்ளே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது.

"ஏங்க, குஞ்சு ஓட்டக் கொத்த ஆரம்பிச்சிருச்சுங்க" என்று மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள்.

வெயில் எல்லாம் அண்ணன் பக்கத்தில் கிடந்தது. அங்கே அவருடைய கடலை காய்ந்துகொண்டிருந்தது. நான் கல்லை இறக்கி, கைப்பிடியைத் தூக்கி, நடு வாசல் வரை கொண்டுபோய் நின்றேன்.

"ஏண்டா நின்டுட்ட?" என்றார் அண்ணன், படியில் உட்கார்ந்தபடி.

"நடு வந்திருச்சுண்ணே."

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார்.

"முட்டைக்கு இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"இருவது."

எழுந்து வந்து, காலால் கடலையை இரண்டு பக்கமும் ஒதுக்கினார். பிறகு ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முகூர்த்தக்கால் பிடிக்கிற மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். கல்லையும் அவரே ஏற்றினார். உள்ளே இன்வெர்ட்டர் கத்துவதை நிறுத்தியது.

மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் ஒரே கீச்சுக் கூச்சல். ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் தெருவில் போய் நின்று "ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தினேன். எனக்கென்ன வெட்கம்?

அண்ணன் வந்து ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"டேய், பேசாம எம் பக்கத்துலயே நாலு காலையும் ஊண்டிரு. கடப்பாரைய நானே எடுத்தாரேன்."

ஐந்து மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கண் கலங்கிவிட்டது.

"வேணாம்ணே. காலையில ஒன் வீட்டு நெழலு அங்கிட்டு விழுகும். அப்ப வெயிலு எம் பக்கம்தான."

"அதுஞ்சரி" என்றார். "அப்ப மத்தியானம் கூப்புடு. ஒத்த ஆளு தூக்குனா கோணிக்கிட்டுப் போகும்."

இப்போது நான் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை. கடலையோ நெல்லோ, அண்ணன் எதைக் காயப்போட்டாலும் நடுவில் என் வண்டி போகிற அகலத்துக்கு வழி விட்டுத்தான் பரப்புகிறார்.