கோழிக்கு வைக்கிற ஜாம்

நத்தாருக்கு மறுநாள்; கிறிஸ்துமஸ் மரம் இன்னும் முன்னறையில் நின்றது. மிஞ்சிய கோழிப் பிரட்டலை உதிர்த்து, சான்ட்விச்சுக்காகப் பாணுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கிரான்பெரி டின்னைத் திறந்ததும் எழுந்த புளிப்பு வாசம் என்னைப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக் குசினிக்கு, அம்மாவின் அடுப்படிக்குக் கொண்டுபோனது.

கனடாவில் அது எங்கள் முதல் நத்தார். அப்பா முதன்முதலாகத் தனியாகக் கடைக்குப் போய், பிரெஞ்சு எழுத்துப் போட்ட சிவப்பு டின் ஒன்றுடன் திரும்பினார்.

"ஜாம். நானே பாத்து வாங்கினனான்."

அம்மா ஒரு விரலால் தொட்டு நக்கினார். முகம் சுருங்கியது. ஆனால் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். வெங்காயம் வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, அதையும் சேர்த்துக் கிளறி, மிஞ்சிய கோழியோடு பாணுக்குள் வைத்தார்.

"இது கோழிக்கு வைக்கிற ஜாம். இஞ்ச இப்பிடித்தானாம்."

அப்பா பெருமையோடு மூன்று சான்ட்விச் சாப்பிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த டின்னை அவர்தான் வாங்குவார். எங்கள் வீட்டில் அதன் பெயர் இன்றுவரை ஜாம்தான்.

இன்று என் மகள் டின்னைத் திருப்பி வாசித்தாள். "தாத்தா, இது ஜாமே இல்லை, இறைச்சிக்கு வைக்கிற சோஸ்!"

நான் பதறிப்போய், மேசையில் இருந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் முன்னறையில் இருந்த அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த முதல் டின் வாங்கின அடுத்த நாளே வேலையில கேட்டு அறிஞ்சிட்டன் பிள்ளை. எனக்குத் தெரியுமெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."